18 ஏபி, மூன்று தளம்: சேனல் பங்கிட்ட கணக்கு

மூன்று தளம். தளத்துக்கு ஆறு வீதம் 18 ஆக்ஸஸ் பாயின்ட் (ஏபி), அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி. எல்லாமே நடுத் தாழ்வாரத்தின் கூரையில், பத்துப் பத்து மீட்டர் தள்ளி. போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும்; வீடியோ அழைப்போ திக்கித் திணறும். இங்கிருந்து தொடங்கிய வேலை நான்கு வாரத்தில் ஒரு நிலைக்கு வந்தது. ஒவ்வொரு ஏபியிலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனி ரேடியோ; ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டு ரேடியோக்கள் அணைந்து கிடக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் கால்வாசியாகக் குறைந்திருக்கிறது. பலன் தந்தவை இந்த இரண்டும்தான். சேனல் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த முதல் பத்து நாள் பெரும்பாலும் வீண்.

அளவெடுப்பு

கையில் இருந்தவை: லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப், வெளி ஆன்டெனா உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர், ஏ3 தாளில் தள வரைபடம், ஒரு எக்செல் ஷீட். காசு கொடுத்து வாங்கும் சர்வே மென்பொருள் தேவைப்படவில்லை. ‘ஐடபிள்யூ’ கருவியின் ஸ்கேன் கட்டளை, எந்த ஏபி எந்தச் சேனலில் எத்தனை டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்) கேட்கிறது என்று சொல்லிவிடும். அதே கருவியின் ‘சர்வே டம்ப்’, அந்தச் சேனலை எத்தனை மில்லிவிநாடி கவனித்தது, அதில் எத்தனை மில்லிவிநாடி காற்று யாராலோ பிடிக்கப்பட்டிருந்தது என்ற இரண்டு எண்களைத் தரும். பத்து விநாடி இடைவெளியில் இருமுறை எடுத்து, வித்தியாசத்தை வகுத்தால் சேனல் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும்.

இதில் இரண்டு குழிகள். சில டிரைவர்களில் இந்த எண்கள் கூடிக்கொண்டே போகும். சிலவற்றில் சேனல் மாறியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். எது என்று பார்க்காமல் கழித்தால் மைனஸ் சதவீதம் வரும். அதுவாவது தப்பு என்று கண்ணில் படும்; முதலில் செருகிய அடாப்டர் ‘பிஸி’ நேரத்தை எப்போதும் பூஜ்யம் என்றே காட்டியது, காற்று காலியாக இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க நம்ப வைத்தது. ஏத்தெரோஸ் சிப் உள்ள பழைய அடாப்டரை மாட்டிய பிறகே நம்பக்கூடிய எண் கிடைத்தது.

இரண்டாவது குழி, அவசர ஸ்கேன். ஏபி தன் பீக்கனை (‘இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பை) வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் அனுப்பும். ஒரு சேனலில் அதற்குக் குறைவான நேரம் காது கொடுத்தால் அங்கே ஏபி இருந்தும் பட்டியலில் வராது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஸ்கேன் எடுத்து, மூன்றிலும் உயர்ந்த எண்ணை வைத்துக்கொண்டோம். மொத்தம் 54 இடங்கள், இரண்டு பேர், ஒன்பது மணி நேரம். போனில் அளக்க வேண்டாம்: அதே இடத்தில், அதே ஏபியை, லேப்டாப்பைவிட ஒரு போன் 7 டெசிபல் குறைவாகக் காட்டியது, இன்னொன்று 3 டெசிபல் குறைவாக. எதில் அளந்தாலும் கடைசி வரை அதே ஒன்றில்தான் அளக்க வேண்டும்.

அறைகளின் அளவைவிட முக்கியமான அட்டவணை வேறு: எந்த ஏபிக்கு எந்த ஏபி கேட்கிறது. ஒவ்வொரு ஏபியிலும் அண்டைப் பட்டியலை எடுத்து 18க்கு 18 கட்டத்தில் போட்டோம். 153 ஜோடிகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அவற்றில் 139 ஜோடிகள் −82 டிபிஎம்மைவிடப் பலமாக ஒன்றையொன்று கேட்டன. −82 என்பது இங்கே சும்மா எடுத்த எல்லை அல்ல. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இன்னொரு வைஃபை ஃபிரேமின் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின்) முன்னுரை இந்த அளவில் காதில் விழுந்தாலே ரேடியோ வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்பது தரநிலை. நல்ல சிப்கள் இன்னும் மெல்லிய ஒலிக்கும் அடங்கிவிடும்.

தாழ்வாரம்தான் குற்றவாளி. சுவரில்லாத நீண்ட குழாய் அது. ஐம்பது மீட்டர் தள்ளி மறுமுனையில் தொங்கும் ஏபி −58இல் வந்து சேர்கிறது. கான்கிரீட் தளமோ 2.4இல் சுமார் 15 டெசிபலும், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 22 டெசிபலும் விழுங்குகிறது. மேலே இருப்பவரைவிட அதே தளத்தில் கோடியில் இருப்பவர்தான் தொல்லை என்று வரைபடத்தை மட்டும் பார்த்தால் தோன்றாது.

முதல் தவறு: மூன்று நிறம், பதினெட்டு கட்டம்

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான்; சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதனால்தான் 1, 6, 11. ஒரு தளத்தில் ஆறு ஏபி, அந்த ஆறு பேருக்கும் ஆறு பேரும் கேட்கிறார்கள், சேனல் மூன்று. எப்படிப் போட்டாலும் தளத்திலேயே ஒவ்வொரு சேனலிலும் இரண்டு பேர். மூன்று தளமும் சேர்த்தால் ஆறு பேர். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்கலாம். போடாமல், 1-6-11ஐ மாடிக்கு மாடி தள்ளித் தள்ளி நாலு விதமாக அடுக்கிப் பார்த்தோம். நாலிலும் சேனல் நிரம்பல் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவிலேயே நின்றது.

இரண்டாவது தவறு: 1-4-8-11

மூன்று போதாவிட்டால் நான்காக்கலாமே என்ற சபலம். 1இன் நடு 2412, 4இன் நடு 2427. இடைவெளி 15 மெகாஹெர்ட்ஸ், ஆக 5 மெகாஹெர்ட்ஸ் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. 8க்கும் 11க்கும் இதே கதை. போட்ட அன்றே சேனல் நிரம்பல் இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஏபியின் மறு அனுப்பல் (போய்ச் சேராததை மீண்டும் அனுப்புவது) எண்ணிக்கை 24 சதவீதத்திலிருந்து 37க்கு ஏறியிருந்தது.

காரணம் எளிது. ஒரே சேனலில் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும், வரிசையில் நிற்பார்கள். அரைகுறையாக ஏறி நிற்கும் சேனலில் பேச்சு புரியாது, வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு ரேடியோ அடங்க வேண்டிய எல்லை −62 டிபிஎம், அதாவது 20 டெசிபல் கூடுதல் சத்தம் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ‘காற்று காலி’ என்று நினைத்து எதிராளி பேசும்போதே பேசும், இரண்டு ஃபிரேமும் கெடும். அப்படியானால் நிரம்பல் குறைந்தது நல்ல செய்தி அல்ல, வரிசை கலைந்த செய்தி. அதனால் நிரம்பலையும் மறு அனுப்பலையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதி, சேர்த்தே பார்க்க வேண்டும்.

13 சேனல் அனுமதி உள்ள நாடுகளில் 1-5-9-13 முறையாகவே பொருந்தும். சரியாக 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் யாராவது 6இல் உட்கார்ந்தால் உங்கள் 5, 9 இரண்டும் அடிபடும். 11இல் உட்கார்ந்தால் 9, 13 இரண்டும். சுற்றிலும் ஆளில்லாத இடத்துக்குத்தான் அது.

அணைத்தபோது கிடைத்தது

பிறகு ரேடியோக்களையே குறைத்தோம். தாழ்வாரத்தில் ஏபி நிற்கும் இடங்களை ஒரு முனையிலிருந்து அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று வைத்துக்கொண்டால், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஆ, உ இரண்டில் மட்டும் எரிகிறது. மற்ற நான்கிலும் அணைப்பு. தரைத்தளம் 1, 6; முதல் மாடி 11, 1; இரண்டாம் மாடி 6, 11. ஒவ்வொரு சேனலும் கட்டடம் முழுக்க இரண்டே முறை, அதுவும் வேறு தளத்தில், எதிர்முனையில்.

இதைவிடப் பெரிய மிச்சம் பீக்கனில் இருந்தது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்காதவர் நம்ப மாட்டார். பீக்கன் ஏறக்குறைய 300 பைட், அதாவது 2400 பிட். குறைந்தபட்ச வேகம் 1 எம்பிபிஎஸ் என்று விட்டிருந்ததால் 2400 மைக்ரோவிநாடி, அதன் முன்னுரை 192, மொத்தம் 2592. விநாடிக்கு 9.8 பீக்கன், ஆக ஓர் ஏபியில் ஒரு வைஃபை பெயருக்கு 2.5 சதவீதக் காற்று. இங்கே நான்கு பெயர்கள் ஓடின. தாழ்வார நடுவில் ஒரே சேனலில் குறைந்தது ஐந்து ஏபி கேட்டது. நான்கு பெயர், ஐந்து ஏபி, பெருக்கினால் இருபது; இருபதை 2.5ஆல் பெருக்கினால் 50 சதவீதம். ஆளே இல்லாத நடு இரவில் அளந்தபோது 54 வந்தது. ஒரு பைட்கூட உருப்படியாகப் போகாமல் பாதிக் காற்று வீண்.

குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்கினால் அதே பீக்கன் 220 மைக்ரோவிநாடியில் முடிகிறது. பெயர்களை நான்கிலிருந்து இரண்டாக்கினோம். இப்போது ஒரு சேனலில் இரண்டு ஏபி, ஆளுக்கு இரண்டு பெயர்: மொத்தமாக ஒரு சதவீதம்கூட இல்லை. ஆசை தீராமல் 24 எம்பிபிஎஸ் வரை ஏற்றிப் பார்த்ததில் கோடி அறைகளில் இணைப்பு விட்டு விட்டுப் போனது, 12க்கே திரும்பினோம். முன்னெச்சரிக்கை: 12 வைத்தால் 802.11பி என்ற பழைய வைஃபை முறை மட்டும் தெரிந்த கருவி ஒன்றும் இணையாது. இங்கே அப்படி ஒரு பழைய பிரிண்டர் இருந்தது, அதைக் கேபிளில் போட்டாயிற்று. மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், 11 எம்பிபிஎஸ்ஸும் அதற்குக் கீழும் மட்டுமே பேசும் கருவிகள் எவை என்று ஏபியின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

ஜிக்பீ என்ற இன்னொரு வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார்கள் அதன் சேனல் 18இல், அதாவது 2440 மெகாஹெர்ட்ஸில், வைஃபை 6இன் மடியில் உட்கார்ந்திருந்தன. 25க்கு (2475) தள்ளியதும் வைஃபை 11இன் மேல்விளிம்பான 2472ஐத் தாண்டிவிட்டது. ஆனால் எல்லா சென்சாரையும் மறுபடி இணைக்க வேண்டி வந்தது, அரை நாள் வேலை.

5 கிகாஹெர்ட்ஸ்

இங்கே இடம் நிறைய. ஏபிகள் வந்தபோதே 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ரேடாருக்கும் பொதுவான சேனல்களைத் தொடாமல் இருந்தன. அப்படிப் பார்த்தால் 36–48 ஒன்று, 149–161 ஒன்று. கட்டடம் முழுக்க இரண்டே சேனல், தலைக்கு ஒன்பது ஏபி.

80 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஸ்ட்ரீம் 802.11ஏசி போன் 866 எம்பிபிஎஸ் இணைப்பு காட்டும், 20இல் 173. ஆனால் 866ஐ ஐந்து ஏபி பங்கு போட்டாலே தலைக்கு 173தான். அதோடு அகலம் நான்கு மடங்கானால் உள்ளே வரும் இரைச்சலும் நான்கு மடங்கு, 6 டெசிபல் நஷ்டம். அந்த 6 டெசிபல் போனதும் ஓர அறைகளில் 866 என்ற பேச்சே இல்லை. 40 வைப்பதா 20 வைப்பதா என்று கொஞ்சம் இழுபறி. 18 ரேடியோ ஒரே கட்டடத்தில் என்ற நிலையில் 20தான் என்று முடிவு.

எந்தச் சேனல் அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஏபியில் நாட்டுக் குறியீட்டைச் சரியாக வைத்து, அது காட்டும் பட்டியலை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். குறியீட்டை மாற்றி வைத்துக் கூடுதல் சேனல் பறிப்பது சட்ட மீறல் மட்டுமல்ல, பாதிக் கருவிகளுக்கு அந்த ஏபி கண்ணிலேயே படாது. 165 வரையிலான முழுப் பட்டியலும் கிடைக்கும் இடத்தில் 25 சேனல்: 36–64இல் எட்டு, 100–144இல் பன்னிரண்டு, 149–165இல் ஐந்து. 144ஐப் பல பழைய கருவிகள் அறியா, நீக்கினோம். 120, 124, 128 வானிலை ரேடார் பகுதி. ஐரோப்பிய விதிப்படி அங்கே வாய் திறப்பதற்கு முன் 10 நிமிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதையும் நீக்கினோம். மிச்சம் 21.

52 முதல் 144 வரை டிஎஃப்எஸ், அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் தொடங்கலாம்; ரேடார் வந்தால் 10 விநாடிக்குள் விலக வேண்டும்; 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. இன்னொரு சங்கடமும் உண்டு: இந்தச் சேனல்களில் போன் தானாகக் கூப்பிட்டுக் கேட்காது, பீக்கன் வரட்டும் என்று காத்திருக்கும். நடந்துகொண்டே பேசுபவருக்கு ஏபி மாறும்போது அந்தக் காத்திருப்பு தெரியும். ஆகவே ஒன்று விட்டு ஒன்று: எங்கே நின்றாலும் அருகில் ரேடார் தொல்லை இல்லாத ஏபி ஒன்று இருக்கும்படி.

பங்கீடு இது. தரைத்தளம், அ முதல் ஊ வரை: 44, 100, 157, 56, 36, 116. முதல் மாடி: 60, 149, 108, 48, 104, 165. இரண்டாம் மாடி: 40, 112, 161, 64, 153, 52. பதினெட்டுக்கும் பதினெட்டு வெவ்வேறு சேனல். பக்கத்தில், நேர் மேலே, மூலைவிட்டத்தில் யாரை எடுத்தாலும் குறைந்தது 40 மெகாஹெர்ட்ஸ் விலகல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 36க்குப் பக்கத்தில் 40 சுத்தமாகப் பிரிந்திருப்பதாகக் காகிதம் சொல்லும். பத்து மீட்டரில் தொங்கும் ரேடியோவின் ஓரக் கசிவு அப்படிச் சொல்லாது.

கையால் நிரப்பியபோது மூன்று இடத்தில் மூலைவிட்டம் தவறியது. ஒழுங்காகச் செய்யும் வழி: எந்த ஏபிக்கு மிச்சமிருக்கும் சேனல் தேர்வு மிகக் குறைவோ அதற்கு முதலில் கொடுங்கள், ஒவ்வொன்று கொடுத்ததும் மற்றவர்களின் மிச்சத்தைத் திருப்பி எண்ணுங்கள். அண்டையில் ஒரே நிறம் வராமல் நிறம் பூசுவதற்காக டேனியல் பிரெலாஸ் 1979இல் வெளியிட்ட டிசாட்டூர் என்ற கணித முறையின் சாரம் இதுதான். எக்செல் ஷீட்டிலேயே செய்துவிடலாம். நாங்கள் அ-விலிருந்து வரிசையாகப் போனோம், அதனால் கடைசியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நடுவில் இருக்கும் முதல் மாடி இ, ஈ-யில் தொடங்கியிருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 108க்கும் 112க்கும் இடையே ஒரு மூலைவிட்டம் தப்பிப்போனது. அதை ரேடார் வந்து தீர்த்து வைத்தது.

ரேடார், தப்பியோடுதல், மின்தடை

இரண்டாம் மாடி ஆ, ஒன்பது நாளில் ஐந்து முறை ‘ரேடார்’ என்று 112ஐ விட்டு ஓடியது. நிஜமா, பொய்யா? பொய் ரேடார் சகஜம். சில சிப்கள் பக்கத்துப் போனின் உடைந்த ஃபிரேமைக்கூட ரேடாராக எண்ணும். சோதனைக்கு, வேறு தயாரிப்பு ஏபி ஒன்றை அதன் அருகே அதே 112இல் ஒரு வாரம் வைத்தோம். இரண்டு பதிவேட்டிலும் நேரம் விநாடிக்கு விநாடி ஒத்துப்போனால் நிஜம். ஒத்துப்போனது. 112ஐக் கைவிட்டு 132.

இதற்குள் இன்னொன்று அகப்பட்டது. ஓடிய ஏபி எங்கே போய் விழுகிறது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுவாக 36இல் போய் விழுந்து, தரைத்தளம் உ-வின் காற்றைப் பிடுங்கியது. டிஎஃப்எஸ் சேனலில் உள்ள ஒவ்வொரு ஏபிக்கும் தப்பியோடும் சேனலையும் பங்கீட்டிலேயே எழுதிவிட வேண்டும். இங்கே ஒன்பதுக்கும் தனித்தனியாக, குறைந்தது ஒரு தளம் தள்ளி இருப்பவரின் சேனலாகக் கொடுத்தோம்.

எல்லாவற்றுக்கும் முன், ஏபிகள் தாமாகவே சேனல் எடுத்துக்கொண்ட தானியங்கித் தேர்வு ஏன் சொதப்பியது என்பதும் பதிவேட்டில் கிடைத்தது. மின்தடைக்குப் பிறகு 18 ஏபியும் ஒரே நேரத்தில் எழுகின்றன, ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்கின்றன. யாரும் இன்னும் பேசத் தொடங்காததால் எல்லாருக்கும் எல்லாச் சேனலும் காலி. தானியங்கியே வைத்திருக்க வேண்டிய இடமானால், ஏபிகள் செருகிய நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டுகளுக்கு மின்சாரத்தை இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சோதித்தபோது அதற்கே பங்கீடு பாதி நேரானது.

சக்தி

ஏபி அனுப்பும் சக்தி, தொழிற்சாலை அமைப்பில் 23 டிபிஎம். போன்களோ 15க்கு அப்பால் அரிதாகவே கத்தும். ஏபி பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ஏபிக்குக் கேட்காது. கோடு முழுதாக இருந்தும் அழைப்பு திணறியதில் பாதி இதுதான். ஒரே தாவலில் 8க்கு இறக்கினோம், ஓர அறைகளில் −74 ஆனது, புகார் குவிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதில் 5 கிகாஹெர்ட்ஸ் 14 டிபிஎம்மிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் 11இலும் நின்றது. ஒரு தாழ்வார மூலையைத் தவிர எல்லா அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் −67க்கு மேல். தானியங்கி சக்தி அமைப்பை அணைத்துவிட்டோம். அது இரவில் ஆளில்லாதபோது ஏற்றிவிடுகிறது.

கணக்கு முடிவு

வேலை நேரத்தில் 2.4 நிரம்பல் 68இலிருந்து 19 சதவீதம். 5 கிகாஹெர்ட்ஸ் 41இலிருந்து 9–14. மறு அனுப்பல் 24இலிருந்து 8. வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. மனித நேரம் மொத்தம் 46 மணி, அதில் பதினெட்டு மணி முதல் இரண்டு தவறுகளுக்கு.

ஒரு எச்சரிக்கை: தனியாக நின்று ஸ்பீட் டெஸ்ட் போடுபவருக்கு முன்பு 400 எம்பிபிஎஸ் வந்தது, இப்போது 110. மாற்றிய மறுநாளே இதைக் காட்டிச் சண்டைக்கு வந்தார்கள். ஒரே அறையில் முப்பது பேர் ஒரே சமயத்தில் வீடியோ அழைப்பில் இருந்தபோது எடுத்த அளவை முன்னதாகவே வைத்திருந்ததால்தான் பதில் சொல்ல முடிந்தது. மாற்றத்துக்கு முன் நெரிசல் நேர அளவு எடுத்து வைக்காமல் அகலத்தைக் குறைக்காதீர்கள்.

மறுபடி செய்தால் ஏபிகளைத் தாழ்வாரத்தில் தொங்கவிட மாட்டோம். இடவல மாற்றாக அறைக்குள். ஒரு செங்கல் சுவர் இடையில் வந்தாலே ஜோடிகள் பாதியாகக் குறையும், 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் கொடுக்க இடம் வரும். அதற்குக் கேபிள் ஒவ்வொன்றிலும் நான்கு மீட்டர் சுருள் மிச்சம் விட்டிருக்க வேண்டும். இங்கே அரை மீட்டர்தான் இருக்கிறது. அதனால் இப்போதைக்குத் தரைத்தளம் உ, ஊ இரண்டை மட்டும் கேபிள் நீட்டி அறைக்குள் நகர்த்தி, கதவை மூடி வைத்து அளக்கிறோம். முதல் அளவெடுப்பில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அந்த 54 எண்களில் எத்தனை அதனால் உப்பியவை என்பது இனிமேல்தான் தெரியும்.